டாக்டர் மாக்னஸ் ஹிர்ஷ்பெல்ட்

சுனாபட்டியில் எங்கள் சாலில் குடியிருக்கும் திருநங்கை அக்கா ஒருவர், சென்ற மழைக்காலத்தில் காய்ச்சலோடு ஒரு மருத்துவமனைக்குச் சென்றார். கேஸ் பேப்பர் எழுதுமிடத்தில் ஆணா பெண்ணா என்ற வாக்குவாதத்திலேயே காலைப்பொழுது கழிந்தது. காய்ச்சலோடு சென்றவர் காய்ச்சலோடே திரும்பினார். இத்தகையோருக்கு மருத்துவம் செய்வது எப்படி என்று நூறாண்டுகளுக்கு முன்பே சிந்தித்த மருத்துவர் ஒருவரின் வரலாறு இது.

மாக்னஸ் ஹிர்ஷ்பெல்ட், 1868-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், அன்றைய பிரஷ்யாவின் கோல்பெர்க் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையும் மருத்துவரே. மகன் 1892-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவரிடம் சிகிச்சை பெற்ற இளம் படை அதிகாரி ஒருவர், ஆடவரை விரும்பும் தம் இயல்பை வெளியே சொல்ல இயலாமல், திருமணத்திற்கு முன்னாள் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் சாவு மருத்துவரின் வாழ்க்கைப் பாதையையே மாற்றியது. 1897-இல் அறிவியல் மனிதநேயக் குழுவைத் தோற்றுவித்தார்.

எதிர்ப்பாலின் உடை உடுத்தியோரைக் காவலர் கைது செய்த காலம் அது. ஹிர்ஷ்பெல்ட் அளித்த மருத்துவச் சான்றை ஏற்று, பெர்லின் காவல்துறை அவர்களுக்கு அனுமதிச் சீட்டு வழங்கியது. 1919-இல் அவர் பெர்லினில் பாலியல் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். சிகிச்சையறை, நூலகம், சொற்பொழிவுக் கூடம் அனைத்தும் ஒரே கூரையின் கீழ் அமைந்தன. பல நாட்டு மருத்துவர்கள் வந்து பார்த்துப் பயின்றனர். வேறெங்கும் வேலை கிடைக்காத திருநங்கையர்க்கு அந்நிலையம் வேலையும் கொடுத்தது. அங்குப் பணிப்பெண்ணாக இருந்த டோரா ரிக்டருக்கு 1931-இல் அறுவை சிகிச்சை முடிந்தது.

அதே ஆண்டில் ஹிர்ஷ்பெல்ட் தம் உலகப் பயணத்தில் இந்தியாவிற்கும் வந்தார். நம் பம்பாயையும் கண்டார். ஆனால் ஜெர்மனிக்குத் திரும்ப முடியவில்லை. 1933 மே 6-ஆம் நாள் நாஜிக் கூட்டம் நிலையத்தைச் சூறையாடியது. நான்கு நாள் கழித்து நூல்கள் பொதுச் சதுக்கத்தில் எரிக்கப்பட்டன. சூறையாடியோர் யார்? கல்லாதவரா? அல்லர், பல்கலைக்கழக மாணவர்கள்! தம் வாழ்நாள் உழைப்பு எரிவதை அவர் பாரிஸ் நகரத் திரையரங்கொன்றில் செய்திப்படமாகக் கண்டார். 1935-இல், தம் 67-ஆம் பிறந்த நாளன்றே, நீஸ் நகரில் மறைந்தார்.

குறையில்லாதவர் அல்லர் அவர். இனமேம்பாட்டுக் கொள்கையை அவரும் நம்பினார், அது பிழையே. ஆயினும், நோயாளியைத் திருத்துமுன் மருத்துவர் கற்கவேண்டும் என்பதை அவர் வாழ்க்கை காட்டியது.

மருத்துவப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்யவேண்டுமென 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. 2021-இல் சென்னை உயர்நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. பாடம் வகுப்பறைக்கு வரவேண்டும். நண்பர்களே, அன்று ஏடுகளை எரித்தவர்கள் மாணவர்கள். அவற்றை மீண்டும் எழுதவேண்டியவர்களும் மாணவர்களே. எங்கள் சால் அக்காவுக்கு அடுத்த மழைக்காலத்திலும் காய்ச்சல் வரலாம்.