சிம்பொனி தோத்துச்சு, சொந்த ஊரும் போச்சு… ஆனாலும் உலகையே எழுந்து நிற்க வைத்த பியானோ கலைஞர்! யார் இந்த ராக்மானினாஃப்?

1897 மார்ச் மாதம். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு கச்சேரி அரங்கம். மேடையில் புத்தம் புது சிம்பொனி ஒன்றை ஆர்கெஸ்ட்ரா வாசித்துக்கொண்டிருக்கிறது. அதை எழுதிய 23 வயது இளைஞர் மட்டும் அரங்குக்குள் இல்லை. மாடிப்படியில் ஒளிந்துகொண்டு, ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தான் எழுதிய இசையையே அவரால் கேட்க முடியவில்லை!

அவர்தான் செர்கேய் ராக்மானினாஃப். இன்றைக்கு உலகம் முழுக்க பியானோ கற்கிற எவரும் பெயரைக் கேட்டதும் கொஞ்சம் மிரள்கிற மேதை. ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு ஏறக்குறைய மூன்று வருஷம், குறிப்பிடும்படி ஒன்றுமே எழுத முடியாமல் தவித்தவர் அவர். அப்படி என்னதான் நடந்தது?

பணக்கார வீட்டுப் பிள்ளை, ஆனால்…

ராக்மானினாஃப் பிறந்தது 1873-ல், ரஷ்யாவின் நோவ்கொரோத் பகுதியில். பரம்பரை நிலச்சுவான்தார் குடும்பம். அப்பா வசீலிக்கு ஜாலியாகச் செலவு பண்ணத் தெரியும், கணக்குப் பார்க்கத் தெரியாது. குடும்பத்துப் பண்ணைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவர வேண்டிய நிலை.

அதோடு முடியவில்லை. தொண்டை அடைப்பான் நோயில் ஒரு சகோதரி இறந்துபோனார். அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். அடுத்த ரெண்டு வருஷத்தில் இன்னொரு அக்கா யெலேனாவும் போய்ச் சேர்ந்தார். இசைப் பள்ளியில் சேர்த்துவிட்ட பையன் வகுப்புக்குப் போகாமல் ஊர் சுற்றினான். இசை தவிர்த்த மற்ற பாடங்களில் ஃபெயில்!

இந்த இடத்தில் கைகொடுத்தவர் உறவுக்காரரான அலெக்சாந்தர் சிலோட்டி. புகழ்பெற்ற ஃபிரான்ஸ் லிஸ்ட்டிடம் பியானோ படித்தவர். பையனை மாஸ்கோவில் நிக்கோலாய் ஸ்வெரெவ் என்ற ஆசிரியரிடம் அனுப்பச் சொன்னார். ஸ்வெரெவ் வீடு கிட்டத்தட்ட ஒரு குருகுலம். மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும், காசு வாங்க மாட்டார். ஆனால் முறை வைத்து காலை 6 மணிக்கே பியானோ முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். தூக்கம் வருது என்ற பேச்சுக்கே இடமில்லை. ராக்மானினாஃபின் விரல்களுக்கு வந்த அந்த அசாத்திய துல்லியத்துக்கு அஸ்திவாரம் போட்டது இந்த வீடுதான். சைக்கோவ்ஸ்கி போன்ற ஜாம்பவான்கள் வந்துபோகிற வீடும்கூட.

ஆனால் இசை எழுத தனி அறை வேண்டும் என்று கேட்டதில் குருவுக்கும் சிஷ்யனுக்கும் முட்டிக்கொண்டது. ராக்மானினாஃப் அத்தை வீட்டுக்குப் போய்விட்டார். 1892-ல் மாஸ்கோ கன்சர்வேட்டரியில் பெரிய தங்கப் பதக்கத்தோடு படிப்பை முடித்தார். தேர்வுக்காக அவர் எழுதிய 'அலேகோ' என்ற ஓபராவை மூன்று வாரத்துக்குள் முடித்துக் கொடுத்தார். ஸ்வெரெவும் பழைய கோபத்தை மறந்து தன் தங்கக் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்தார்.

அதே வருஷம் அவர் எழுதிய சின்னஞ்சிறு பியானோ இசைத் துண்டு ஒன்று (சி ஷார்ப் மைனர் பிரெலூட்) உலகம் பூரா ஹிட் ஆனது. அதற்குக் கிடைத்த சம்பளம்? வெறும் 40 ரூபிள். சர்வதேச காப்புரிமை ஒப்பந்தத்தில் ரஷ்யா சேராததால் வெளிநாட்டு விற்பனையில் ஒரு காசு வரவில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க எந்த ஊர் மேடையில் ஏறினாலும் ரசிகர்கள் அதைத்தான் கேட்டார்கள். ஒரு கட்டத்தில் அந்தப் பாட்டு மேலேயே அவருக்கு வெறுப்பு வந்துவிட்டது.

அந்த ஒரு ராத்திரி

இப்படி ஏறுமுகத்தில் இருந்தவருக்குத்தான் 1897-ல் அடி விழுந்தது. முதல் சிம்பொனியை நடத்தியவர் கிளாசுனோவ். ஒத்திகைக்குப் போதுமான நேரம் இல்லை. நடத்தியவர் குடித்திருந்தார் என்று பிற்காலத்தில் ராக்மானினாஃபின் மனைவி சொன்னார். அது இன்றுவரை விவாதத்தில் இருக்கிற விஷயம். எப்படியோ, வாசிப்பு சொதப்பியது.

மறுநாள் விமர்சனம் இன்னும் மோசம். பைபிளில் எகிப்தின் மேல் வந்த பத்து வாதைகளை இசையாக்கினால் இப்படித்தான் இருக்கும் என்கிற மாதிரி கிழித்துத் தொங்கவிட்டார் சேசார் குயி. இவரும் ஓர் இசையமைப்பாளர். பீட்டர்ஸ்பர்க் இசைக்காரர்களுக்கும் மாஸ்கோ இசைக்காரர்களுக்கும் இருந்த பழைய போட்டியையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். மாஸ்கோ பையனின் பாட்டு பீட்டர்ஸ்பர்க்கில் விழுந்ததில் சிலருக்கு சந்தோஷம்கூட.

ராக்மானினாஃப் அதன்பிறகு எழுதுவதையே நிறுத்தினார். மாஸ்கோவில் ஒரு தனியார் ஓபரா குழுவில் இசை நடத்துநர் வேலை பார்த்தார். பாடகர் சாலியாபினின் நட்பு கிடைத்தது அங்கேதான். அந்த நட்பு சாகும்வரை தொடர்ந்தது.

மனசு தேறட்டும் என்று சிலர் அவரை எழுத்தாளர் டால்ஸ்டாயிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். 1900 தொடக்கத்தில் சாலியாபின் பாட, ராக்மானினாஃப் வாசித்தார். கேட்டு முடித்த டால்ஸ்டாய், இந்த மாதிரி இசை யாருக்குத் தேவை என்று கேட்டுவிட்டார்! ஆறுதல் தேடிப் போன இடத்திலும் அடி.

டாக்டர் என்ன செய்தார்?

கடைசியில் உறவினர்கள் அவரை நிக்கோலாய் தால் என்ற மருத்துவரிடம் அனுப்பினார்கள். 1900 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கிட்டத்தட்ட தினமும் சிகிச்சை. ஹிப்னாடிசமும் பேச்சும் கலந்த முறை அது. அரைத்தூக்கத்தில் சாய்ந்திருப்பவரிடம், நீ மறுபடி எழுதுவாய், சுலபமாக எழுதுவாய், நன்றாக எழுதுவாய் என்கிற தொனியில் திரும்பத் திரும்பச் சொல்வார் மருத்துவர். தால் சும்மா டாக்டர் மட்டும் இல்லை. வயோலா வாசிக்கத் தெரிந்த இசைப் பிரியர். ஹிப்னாடிசம் வேலை செய்ததா, இசை தெரிந்த ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசியதே மருந்தானதா? பின்னதற்கும் பெரிய பங்கு இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

பலன் கைமேல் கிடைத்தது. அந்தக் கோடையிலேயே எழுத ஆரம்பித்தார். 1901 இறுதியில் அவருடைய ரெண்டாவது பியானோ கான்செர்டோ மாஸ்கோவில் முழுமையாக அரங்கேறியது. பியானோவில் அவரே. ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் அன்றைக்குக் கைகொடுத்த அதே சிலோட்டி. அரங்கம் அதிர்ந்தது. அந்தப் படைப்பை டாக்டர் தாலுக்குத்தான் காணிக்கையாக்கினார். ஒரு மருத்துவருக்கு இதைவிடப் பெரிய ஃபீஸ் கிடைத்திருக்குமா, தெரியாது. 1975-ல் எரிக் கார்மென் பாடிய 'ஆல் பை மைசெல்ஃப்' பாட்டின் மெட்டு இந்த கான்செர்டோவில் இருந்து எடுத்ததுதான்.

அத்தை மகளோடு கல்யாணம்… ஜார் மன்னர் அனுமதி!

1902-ல் நதாலியா சாத்தினாவைக் கல்யாணம் செய்துகொண்டார். இவர் ராக்மானினாஃபின் அப்பாவுடைய தங்கை குடும்பத்துப் பெண். நம்ம ஊர் முறையில் சொன்னால் அத்தை மகள், உரிமைப் பெண். ஆனால் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் இந்த உறவில் கல்யாணத்துக்குத் தடை. ஜார் மன்னரிடமே அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கல்யாணம் நடந்ததும் பெரிய தேவாலயத்தில் இல்லை, மாஸ்கோ ஓரத்தில் இருந்த ஒரு ராணுவ முகாம் தேவாலயத்தில்.

அத்தை குடும்பத்துக்கு தாம்போவ் பகுதியில் இவானோவ்கா என்ற பண்ணை இருந்தது. ராக்மானினாஃபுக்கு உயிர் அங்கேதான். கச்சேரியில் சம்பாதித்ததை எல்லாம் அந்த மண்ணில் கொட்டினார். கார் வாங்கி தூசி பறக்க ஓட்டினார். படைப்புகளில் பெரும்பாலானவை அங்கே பிறந்தன. 1909-ல் மூன்றாவது கான்செர்டோவை அங்கே எழுதி முடித்தபோது, அமெரிக்கா கிளம்ப நேரம் வந்துவிட்டது. பயிற்சிக்கு நேரமே இல்லை. சத்தம் வராத ஊமை பியானோ கட்டைகளைக் கப்பலில் வைத்து வழி முழுக்கப் பயிற்சி செய்தார். அதை நியூயார்க்கில் ரெண்டாவது முறை வாசித்தபோது ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் யார் தெரியுமா? குஸ்டாவ் மாலர்!

44 வயதில் எல்லாம் போனது

1917-ல் புரட்சி வந்தது. இவானோவ்கா கைவிட்டுப் போனது. அந்த நேரம் பார்த்து ஸ்காண்டிநேவிய நாடுகளில் கச்சேரி செய்ய ஓர் அழைப்பு. அதைக் காரணம் காட்டி விசா வாங்கி, 1917 டிசம்பரில் மனைவி, ரெண்டு மகள்களோடு கிளம்பினார். ரயில், பிறகு பனியில் திறந்த சறுக்கு வண்டி, அப்படியே ஃபின்லாந்து எல்லை. கையில் கொஞ்சம் துணிமணி, சில இசைக் குறிப்புகள், சொற்பப் பணம். திரும்பவும் ரஷ்ய மண்ணை அவர் மிதிக்கவே இல்லை.

அதுவரை அவர் முதலில் இசையமைப்பாளர், அப்புறம்தான் பியானோ கலைஞர். மேடையில் பெரும்பாலும் தன் சொந்தப் படைப்புகளைத்தான் வாசித்து வந்தார். குடும்பத்துக்குச் சோறு போட வேண்டுமே? 44 வயதில் புது மாணவன் மாதிரி உட்கார்ந்து ஷோபின், ஷூமான், லிஸ்ட் என்று மற்றவர்கள் எழுதியதை எல்லாம் மனப்பாடம் செய்தார். 1918 நவம்பரில் நியூயார்க்கில் இறங்கினார். சீக்கிரமே உலகில் அதிகச் சம்பளம் வாங்கும் பியானோ கலைஞர்களில் ஒருவரானார்.

6 அடிக்கு மேல் உயரம், ஒட்ட வெட்டிய முடி, சிரிக்காத முகம். சாதாரண ஆளின் விரித்த கை பியானோவில் எட்டு, ஒன்பது வெள்ளைக் கட்டைகளைத் தொடும். இவர் கை 13 கட்டைகள் வரை எட்டும் என்பார்கள்.

ஆனால் இதற்குக் கொடுத்த விலை பெரியது. ரஷ்யாவில் இருந்தவரை எண் கொடுத்து வெளியிட்ட படைப்புகள் 39. அதன்பிறகு வாழ்ந்த 25 வருஷத்தில்? வெறும் 6. ஊரை இழந்ததும் எழுதும் ஆசையையும் இழந்துவிட்டதாக அவரே நொந்துகொண்டார். கச்சேரிப் பயணங்கள் நேரத்தைத் தின்றதும் உண்மை. அந்த ஆறில் ஒன்றுதான் 1934-ல் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் ஏரிக்கரை வீட்டில் எழுதிய 'பகனினி ராப்சடி'. அந்த வீட்டின் பெயர் செனார். செர்கேய், நதாலியா, ராக்மானினாஃப் என்ற பெயர்களின் எழுத்துகளைச் சேர்த்து வைத்தது.

தாகூரோடு ஒரு மோதல்

பலருக்குத் தெரியாத கதை இது. 1930-ல் ரவீந்திரநாத் தாகூர் சோவியத் யூனியனுக்குப் போய், அங்கே நடக்கும் கல்விப் பணிகளைப் பாராட்டினார். பிறகு அமெரிக்கா வந்தார். 1931 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கடிதம். சோவியத் ஆட்சியின் கொடுமைகளைப் பற்றி தாகூர் வாய் திறக்கவில்லை என்று சாடிய அதில் கையெழுத்திட்ட மூவரில் ஒருவர் ராக்மானினாஃப். இன்னொருவர் டால்ஸ்டாயின் மகன்!

தாகூர் பக்கமும் சொல்லியாக வேண்டும். மாஸ்கோவில் கொடுத்த பேட்டியில் அவர் ஆட்சியின் வன்முறையை விமர்சித்தார். சோவியத் பத்திரிகை அதை அப்போது அச்சிடவே இல்லை.

கடிதத்துக்குப் பதிலடியாக சோவியத் யூனியனில் ராக்மானினாஃபின் இசைக்குத் தடை. ரெண்டு வருஷம் போல அது நீடித்தது.

ஆனால் 1941-ல் ஹிட்லரின் படை ரஷ்யாவுக்குள் நுழைந்ததும் இதே மனிதர் என்ன செய்தார்? நியூயார்க் கச்சேரியில் வந்த வசூலை, கிட்டத்தட்ட 4,000 டாலரை, சோவியத் தூதரக அதிகாரி மூலம் ரஷ்ய வீரர்களின் மருத்துவ உதவிக்கு அனுப்பினார். ஆட்சி மேல் இருந்த கோபம் வேறு, மண் மேல் இருந்த பாசம் வேறு.

கடைசிக் கச்சேரி

1943 பிப்ரவரி 1-ம் தேதி அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 17-ம் தேதி டென்னசி மாகாணம் நாக்ஸ்வில் நகரில் வாசித்ததே கடைசிக் கச்சேரி. முதுகு வலி, பக்கவாட்டில் வலி என்று அவதிப்பட்டபடியே மேடை ஏறினார். அன்றைய பட்டியலில் ஷோபினின் சாவு ஊர்வல இசை கொண்ட சொனாட்டாவும் இருந்தது. பரிசோதித்தபோது தெரிந்தது, தோல் புற்றுநோய் உடல் முழுக்கப் பரவிவிட்டது. மார்ச் 28-ல் கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ் வீட்டில் உயிர் பிரிந்தது. 70-வது பிறந்தநாளுக்கு இன்னும் நாலே நாள்.

மாடிப்படியில் காதைப் பொத்திக்கொள்ள வைத்த அந்த முதல் சிம்பொனி என்ன ஆனது? அவர் உயிரோடு இருந்தவரை மறுபடி யாரும் வாசிக்கவில்லை. அவர் இறந்த பிறகு லெனின்கிராட் நூலகத்தில் வாத்தியக்காரர்களின் தாள்கள் கிடைத்தன. அவற்றை வைத்து முழு இசையையும் மீட்டு, 1945 அக்டோபரில் மாஸ்கோவில் வாசித்தார்கள். இந்த முறை கைதட்டல்.

மாஸ்கோவில் அடக்கம் செய்ய வேண்டும் என்ற ஆசை போர்க்காலத்தில் நடக்கவில்லை. நியூயார்க் அருகே கென்சிகோ கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். 2015-ல் உடலை ரஷ்யாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அந்நாட்டுக் கலாசார அமைச்சர் கேட்டார். வாரிசுகள் தரப்பு எதிர்த்தது. செனார் வீட்டை 2022-ல் லூசெர்ன் மாநில அரசு வாங்கிவிட்டது. கென்சிகோவில் அவர் பக்கத்திலேயே நதாலியாவும் இருக்கிறார்.