சிங்கப்பூர் பெயர்க் கதையை அச்சில் ஏற்றியவர்: முன்ஷி அப்துல்லாவைத் தெரியுமா?

தோ பாயோ என்றால் பெரிய சதுப்பு நிலம். ஹொக்கியன் சொல்லும் மலாய்ச் சொல்லும் சேர்ந்த பெயர். அங்கே வசிப்பவராக இருந்தால் இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

சரி, 'சிங்கப்பூரா' என்ற பெயர்? சாங் நீல உத்தமன், சிங்கம்... பள்ளியிலேயே கேட்ட கதைதான். ஆனா அது எந்த நூலில் இருக்கு?

'செஜாரா மெலாயு'. மலாக்கா சுல்தான்களின் வரலாற்றைச் சொல்லும் அரச நூல். தலைமுறை தலைமுறையாகக் கையால் படியெடுத்தே அது பிழைத்தது. அதைச் சிங்கப்பூரில் அச்சேற்றியவர் முன்ஷி அப்துல்லா.

யார் இவர்?

1796இல் மலாக்காவில் பிறந்தவர். ஏமனிலிருந்து நாகூர் வந்து, அங்கேயே திருமணம் செய்துகொண்டவர் இவருடைய கொள்ளுத்தாத்தா. மலாக்காவில் அப்போது இந்திய வணிகர்கள் அதிகம். கணக்கு வழக்குக்குத் தமிழ் தேவை. அதனால் அப்துல்லாவை இரண்டரை ஆண்டு தமிழ் படிக்க அனுப்பினார் அவர் தந்தை.

சிறுவனாக இருந்தபோதே கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அவர்கள் வைத்த பட்டம்தான் 'முன்ஷி', அதாவது மொழி ஆசிரியர்.

ஏடுகளுக்கு என்ன ஆச்சு?

பதின்ம வயதில் ராஃபிள்ஸிடம் எழுத்தராகச் சேர்ந்தார். மலாய் ஏடுகளைப் படியெடுப்பது வேலை. ராஃபிள்ஸ் ஏராளமான ஏடுகளைத் திரட்டினார். 1824 பிப்ரவரியில் அவற்றோடு பெங்கூலுவிலிருந்து கிளம்பிய 'ஃபேம்' கப்பல் தீப்பிடித்தது. ஆட்கள் தப்பினார்கள். ஏடுகள் சாம்பல். சில ஏடுகளுக்கு வேறு பிரதியே இல்லை. அப்துல்லாவுக்கு அது பேரிடி.

மலாக்காவில் கிறிஸ்துவ சமயப் பரப்பாளர்களிடம் அச்சுத்தொழிலும் கற்றிருந்தார் அவர். அச்சில் வந்த நூல் ஒரே தீயில் அழியாது. பிரதிகள் பல ஊர்களுக்குப் போயிடும். அவர் பதிப்பித்த செஜாரா மெலாயு அப்படித்தான் பரவியது.

இன்று?

லண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியில் வேறொரு கையெழுத்துப் பிரதி இருக்கு. பெயர் 'ராஃபிள்ஸ் 18'. அதுவே பழைய வடிவம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இரண்டையும் ஒப்பிட்டால் கதை எங்கே மாறியது என்று பார்க்கலாம். 2001இல் இந்த நூல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

அப்துல்லா 1854இல் ஹஜ் பயணம் போனார். திரும்பி வரவில்லை.

தோ பாயோவிலிருந்து அப்பர் தாம்சன் பக்கம் போனால் 'முன்ஷி அப்துல்லா அவென்யூ' என்று ஒரு பெயர்ப் பலகை இருக்கும். அடுத்த முறை கவனிச்சுப் பாருங்க.