தோற்றும் வென்ற கால்வானி

முன்கையை இழந்த ஒருவர் இன்று செயற்கைக் கையால் தண்ணீர்க் குவளையைப் பற்றி எடுக்கிறார். விரல்களை மடக்க வேண்டும் என அவர் எண்ணியதும் எஞ்சியிருக்கும் தசை சுருங்குகிறது. அப்போது எழும் மிகச் சிறிய மின்குறிப்பைத் தோலின் மீதுள்ள மின்முனைகள் உணர்கின்றன. செயற்கை விரல்களின் மோட்டார் சுழல்கிறது. கை, கால் வலுவிழந்துவரும் நோயாளிக்குக் கோளாறு நரம்பிலா, தசையிலா என மருத்துவர் ஆராய்வதும் இதே மின்குறிப்பைக் கொண்டுதான். 'இஎம்ஜி' எனப்படும் இந்தத் தசை மின்வரைவுக்கு அடிப்படையான உண்மையை எடுத்துரைத்தவர், தம் காலத்தில் தோற்றவராகவே கருதப்பட்டார். அவர் இத்தாலியின் பொலோனா நகர மருத்துவர் லூயிஜி கால்வானி.

1737 செப்டம்பர் 9-இல் பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் கால்வானி. இளமையில் துறவறத்தை நாடிய அவர், குடும்பத்தாரின் விருப்பத்திற்கு இணங்கி மருத்துவம் பயின்றார். 1759-இல் மருத்துவத்திலும் தத்துவத்திலும் பட்டம் பெற்று, பின்னர் பொலோனாவில் உடற்கூறியலும் மகப்பேறு மருத்துவமும் கற்பித்தார். தம் ஆசிரியரின் மகளான லூசியாவை மணந்தார். கணவரின் ஆய்வுகளுக்கு அவர் உற்ற துணையாக விளங்கினார்.

1781 ஜனவரியில், அறுத்து வைக்கப்பட்டிருந்த தவளையின் கால் நரம்பை உதவியாளர் ஒருவர் கத்தி முனையால் தொட்டார். சற்றுத் தள்ளியிருந்த மின்பொறியிலிருந்து தீப்பொறி எழுந்த அதே கணத்தில் தவளையின் கால்கள் துடித்தன. இயந்திரத்துக்கும் தவளைக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. இதைத் தற்செயல் என ஒதுக்காமல், அடுத்த பத்தாண்டுகளை கால்வானி இந்தத் துடிப்புக்கே அளித்தார். இடி, மின்னலின்போதும் சோதித்தார். 1786-இல், பித்தளைக் கொக்கியில் மாட்டிய தவளைக் கால்கள் இரும்புக் கம்பியைத் தொட்டபோது, வானம் அமைதியாக இருந்த வேளையிலும் துடிப்பதைக் கண்டார்.

மின்சாரம் வெளியிலிருந்து வரவில்லை, தசையிலேயே சேமிக்கப்பட்டிருக்கிறது, உலோகம் அதற்கு வழி மட்டுமே அமைக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. 1791-இல் லத்தீன் மொழியில் அதை வெளியிட்டார். அதற்கு முன்பே லூசியா காலமாகிவிட்டிருந்தார்.

பாவியா பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெஸாண்ட்ரோ வோல்டா முதலில் இந்த முடிவை வரவேற்றார், பிறகு எதிர்த்தார். வெவ்வேறான இரண்டு உலோகங்கள் ஈரப்பொருளுடன் சேரும்போதுதான் மின்சாரம் பிறக்கிறது, தவளைக் கால் அதைக் காட்டும் நுண்கருவி மட்டுமே என்பது அவரது வாதம். கால்வானி சளைக்கவில்லை. 1794-இல் உலோகமே இல்லாமல், நரம்பின் முனையைத் தசையின் மீது படவைத்தே கால் துடிப்பதைக் காட்டினார். வேறுபட்ட ஈரப்பொருள்கள் தொடுவதாலும் மின்சாரம் எழலாம் என்று வோல்டா தரப்பு பதிலளித்தது. 1797-இல் ஒரு காலின் நரம்பை மறுகாலின் நரம்போடு மட்டும் தொடவைத்து அந்த ஐயத்துக்கும் கால்வானி விடையளித்தார்.

அதற்குள் அரசியல் புயல் அவரது வாசலுக்கு வந்துவிட்டது. நெப்போலியன் வடஇத்தாலியைக் கைப்பற்றி அமைத்த சிசால்பைன் குடியரசு, பேராசிரியர்கள் தனக்கு விசுவாச உறுதிமொழி ஏற்க வேண்டும் எனப் பணித்தது. தம் சமய நம்பிக்கைக்கும் மனசாட்சிக்கும் அது ஒவ்வாது என மறுத்தார் கால்வானி. 1798-இல் பதவியும் ஊதியமும் பறிபோயின. சகோதரரின் வீட்டில் தஞ்சம் புகுந்தார். உறுதிமொழி இன்றியே அவரை மீண்டும் பணியில் அமர்த்த அரசு இசைந்தது. ஆனால், அது நடைமுறைக்கு வருமுன் அவ்வாண்டு டிசம்பர் 4-இல் தமது 61-ஆவது வயதில் மறைந்தார்.

1800-இல் வோல்டா உலோகத் தகடுகளை அடுக்கி, தவளையே இல்லாமல் தொடர் மின்சாரத்தை உண்டாக்கிக் காட்டினார். அதுவே மின்கலத்தின் பிறப்பு. மறுஆண்டு பாரீஸில் நெப்போலியன் அவரைச் சிறப்பித்தார். கால்வானியின் வழக்கு முடிந்துவிட்டது என்றே உலகம் எண்ணியது.

தீர்ப்பு மாற அரை நூற்றாண்டு ஆயிற்று. 1840-களில் இத்தாலியரான கார்லோ மாத்தெயூச்சி தசையின் மின்னோட்டத்தை அளந்தார். 1849-இல் பெர்லினைச் சேர்ந்த எமில் துபுவா ரேமோன், மனிதன் தன் கைத்தசையை இறுக்கும்போது மின்மானியின் முள் அசைவதைக் காட்டினார். கால்வானியின் பெயரால் 'கால்வனோமீட்டர்' என அழைக்கப்பட்ட கருவியே அவருக்குச் சாட்சி சொன்னது.

எனில், வோல்டா சொன்னது தவறா? அதுவும் இல்லை. உலோக மின்முனையை வியர்வை படிந்த தோலில் வைத்தால் அந்தத் தொடுமுனையிலேயே ஒரு மின்னழுத்தம் தோன்றுகிறது. தோலின் மேல் அளக்கப்படும் தசைக்குறிப்போ சில மில்லி வோல்ட்டைத் தாண்டுவது அரிது. உலோகத்தின் மின்னழுத்தம் அதைவிடப் பன்மடங்கு பெரிதாக இருக்கக்கூடும். எனவே ஒரே தசையின் மீது இரண்டு மின்முனைகளை வைத்து, இரண்டுக்கும் பொதுவானதைக் கழித்துவிடுகிறார்கள். ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெதுவாக மாறும் அழுத்தத்தை வடிகட்டுகிறார்கள். எஞ்சிய அலையைச் சீராக்கி, அது குறித்த அளவைத் தாண்டும்போது செயற்கைக் கையை மூடவோ திறக்கவோ செய்கிறார்கள். உலோகம் தரும் மின்சாரத்தையும் உடல் தரும் மின்சாரத்தையும் பிரித்தறிவதுதான் இக்கருவியின் முதல் வேலை. இரு அறிஞர்களின் வழக்கை அது நொடிதோறும் விசாரித்துக் கொண்டிருக்கிறது.

நோயறிதலிலும் அப்படியே. ஊசி மின்முனையைச் செலுத்தினால், ஓய்விலிருக்கும் நலமான தசை மௌனமாக இருக்கும். நரம்புத் தொடர்பு அறுந்த தசையிழைகள் ஓய்விலும் தாமாகவே மின்துடிப்பை எழுப்பும். தசையே நோயுற்றிருந்தால் அலைகள் சிறுத்துக் குறுகும். தவளைக் காலில் கால்வானி கண்ட துடிப்பு, இன்று நோயின் இருப்பிடத்தைச் சொல்கிறது.

தம் ஆய்வு செயற்கைக் கையாகும் என கால்வானி அறிந்திருக்க வழியில்லை. உடனடிப் பயன் என்னவென்று கேட்டிருந்தால் அவரிடம் விடை இருந்திருக்காது. இன்றும் அடிப்படை ஆய்வுகளை நோக்கி அந்தக் கேள்வியையே நாம் முதலில் வீசுகிறோம். ஆட்சியாளருக்கு இசைவதையும் அறிஞரின் தகுதியாக்கிய ஓர் அரசு, அவரது கடைசி ஆண்டை வறுமையில் தள்ளியது. அந்தக் குடியரசு சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது. தவளை நரம்பில் அவர் கண்ட உண்மை, கையிழந்தோருக்குக் கையாகி நிலைத்திருக்கிறது.