கைக்குட்டை மேல் விழுந்த பந்து

முதல் வருஷம் பிட்டிங் ஷாப்பில் அரத்தைப் பலங்கொண்ட மட்டும் தள்ளினேன். இரும்பு தேய்ந்ததே தவிர மட்டம் வரவில்லை. டிரை ஸ்கொயர் வைத்தால் இடுக்கில் வெளிச்சம்! அப்போதுதான் டென்னிஸ் ராணி சுசான் லெங்லென் கதையைப் படித்தேன்.

1899-ல் பாரிசில் பிறந்தவர். சின்ன வயசில் நோஞ்சான். உடம்பு தேறட்டுமென்று அப்பா சார்லஸ் 1910-ல் ராக்கெட் வாங்கித் தந்தார். அவரே குருவும் ஆனார். மைதானத்தில் கைக்குட்டையை விரித்து, பந்து அதன்மேல் விழணும் என்பார். முதலில் குறி, வேகமெல்லாம் அப்புறம்தான். ரொம்பக் கண்டிப்பு.

1919 விம்பிள்டன் இறுதி ஆட்டம். எதிரே ஏழு முறை சாம்பியனான டொரோதியா லாம்பெர்ட் சேம்பர்ஸ். இரண்டு முறை தோல்வியின் விளிம்புக்குப் போய் மீண்டு, 10-8, 4-6, 9-7 என்று வென்றார் சுசான். அங்கே மொத்தம் ஆறு ஒற்றையர் பட்டங்கள்! பயிற்சி அப்பா கொடுத்தது. ஆனால் நாட்டியக்காரி மாதிரி துள்ளிப் பறந்த அந்த ஆனந்தம் அவருடையது.

அன்று அமெச்சூர் ஆட்டக்காரருக்குச் சம்பளம் கிடையாது. கூட்டம் டிக்கெட் வாங்கும், ஆடியவருக்குக் காசில்லை. 1926-ல் துணிந்து தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். 1938-ல், 39 வயதிலேயே மறைந்தார். பாரிசின் ரோலண்ட் காரோஸில் ஓர் அரங்கம் அவர் பெயரைத் தாங்குகிறது.

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பாவின் கனவு எனக்கும் பாரம்தான். ஆனால் இப்போது அரத்தை நிதானமாகத் தள்ளுகிறேன், பிடித்துப்போய்த் தள்ளுகிறேன். வெளிச்சம் தெரியவில்லை, நண்பர்களே!