ரொனால்டு ராஸும் முறைச்சுரமும்

1809 முதல் 1811 வரை நம் திருநெல்வேலிச் சீமையிலும், மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர்ப் பகுதிகளிலும் கொடியதோர் சுரம் பரவியது. அதன் காரணத்தை ஆராயச் சென்னை அரசினர் ஒரு குழுவை அமைத்தனர். சதுப்பு நிலத்தினின்று எழும் தீய காற்றே இத்தகைய சுரங்களை விளைப்பதென்பது அக்காலத்தார் கொள்கை. முறைச்சுரமாகிய மலேரியாவைப் பொறுத்தவரை அக்கொள்கையை வீழ்த்தியவருள் தலைசிறந்தவர் ஸர் ரொனால்டு ராஸ் ஆவர்.

இவர் 1857 மே 13-ல் இமயச் சாரலிலுள்ள அல்மோராவிற் பிறந்தார். கவிதையிலும் ஓவியத்திலும் இவருக்கிருந்த வேட்கை பெரிது. எனினும் படைத்தலைவராகிய தந்தையாரின் விருப்பத்துக்கிணங்கி மருத்துவங் கற்று, 1881-ல் இந்திய மருத்துவப் பணியிற் சேர்ந்து சென்னை மாகாணத்தை அடைந்தார். பெங்களூரில் தம் சாளரத்தருகேயிருந்த நீர்த்தொட்டியிற் கொசுப்புழுக்கள் நெளியக் கண்டு, அந்நீரைக் கவிழ்த்துக் கொசுத் தொல்லையைக் குறைத்தார்.

1894-ல் இலண்டனில் பாட்ரிக் மான்ஸன் என்னும் மருத்துவர், நோயாளியின் குருதியிலுள்ள மலேரியாக் கிருமியை இவருக்குக் காட்டினார். கொசுவிற்கும் அக்கிருமிக்கும் தொடர்புண்டென்ற மான்ஸனின் கருத்தை மெய்ப்பிக்க உறுதிபூண்டு ராஸ் இந்தியா திரும்பினார். எண்ணிறந்த கொசுக்களை அறுத்துப் பார்த்தும் பயனில்லை. 1897-ல் உதகைக்கு அண்மையிலுள்ள சிகூர்க் கணவாய்க்குச் சென்றபோது, தேடிய நோய் தேடியவரையே பற்றியது. மனந்தளராது செகந்தராபாத் மீண்டவர், ஆகஸ்டு 20-ல் அனாபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரிற் கிருமியைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவிற் பறவைகளின் மலேரியாவை ஆராய்ந்து, கிருமி கொசுவின் உமிழ்நீர் வழியே புதிய உடலுட் புகுதலை நிறுவினார். மனிதரிடத்தும் இவ்வாறே என்பதை இத்தாலிய அறிஞர் கிராஸ்ஸி முதலியோர் நாட்டினர். 1902-ல் ராஸ் நோபெல் பரிசு பெற்றார்.

சுரம் வரும் வழியை ராஸ் கண்டார். உடல் கொதிப்பது எதனால்? கிருமிகள் செங்குருதி அணுக்களை உடைத்து வெளிப்படும் வேளையிலேயே சுரம் எழுதலை 1886-ல் கோல்ஜி கண்டிருந்தார். அவ்வேளையில் வெள்ளணுக்கள் சைட்டோகைன்கள் என்னும் தூதுப் பொருள்களைக் குருதியில் விடுகின்றன என்பதைப் பின்வந்தோர் கண்டனர். அவற்றின் தூண்டுதலால் மூளையின் குருதிக் குழாய்களிற் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உண்டாகின்றது. அது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் வெப்ப அளவை உயர்த்தி வைக்கின்றது. உயர்ந்த அவ்வளவை எட்டும்வரை உடல் தன்னைக் குளிர்ந்ததாகவே கருதி நடுங்குகின்றது. போர்வை மேற் போர்வை போர்த்தும் குளிர் அடங்காமைக்குக் காரணம் இதுவே. அளவு மீண்டும் தாழும்போது வியர்வை பெருகுகின்றது.

எனவே சுரத்தின் வெப்பம் கிருமி மூட்டிய தீயன்று. கிருமியை எதிர்க்க நம் உடலே மூட்டுவது. பாரசிட்டமால் புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்து வெப்பத்தைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. உடல் குளிர்ந்தவுடன் நோய் தீர்ந்ததென்று மகிழ்ந்து, குருதிச் சோதனையைத் தள்ளிப் போடுதல் உயிருக்கே இடராக முடியும். நம் இல்லங்களிற் பெரியோர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து ஆறுதலடைவது இயல்பே. நெற்றியின் குளிர்ச்சி குருதியின் நிலையைக் கூறாதென்பதை அவர்கட்கு எடுத்துரைத்தல் கற்ற நம் கடனாகும்.

ராஸ் 1932 செப்டம்பர் 16-ல் இலண்டனிற் காலமானார். பொருநைக் கரையில் வாழும் நாம் அவருக்குச் செய்யும் நன்றி, நம் வீட்டு நீர்த்தொட்டியை மூடிவைத்தலேயாம்.