இலைக்குள் புகுந்த பூஞ்சை

கேமரன் மலைத் தேயிலையின் கதையில் ஒரு பூஞ்சைக்கும் பங்குண்டு. இலங்கையின் காப்பித் தோட்டங்களை இலைத்துரு நோய் அழித்துக்கொண்டிருந்தபோது, 1880இல் அதனை ஆராய வந்தவர் ஹாரி மார்ஷல் வார்டு; 1854இல் இங்கிலாந்தில் பிறந்த தாவரவியலாளர். தோட்ட உரிமையாளர்களோ கந்தகமும் சுண்ணாம்பும் தூவிச் சலித்திருந்தனர். ஈர இலையில் விழும் பூஞ்சை வித்து முளைத்து, இலைத்துளை வழியே உள்ளே புகுவதை வார்டு கண்டறிந்தார். புகுந்தபின் மேலே எவ்வளவு மருந்து தூவினாலும் அதனை எட்டாது. முளைக்கும் முன்பே தூவ வேண்டும். மலை முழுதும் ஒரே பயிர் நின்றதும் நோய் பரவ வழிவிட்டது. அவர்கள் கேட்டது உடனடித் தீர்வு, கிடைத்ததோ விளக்கம். அதற்காக வார்டைக் குறைசொல்வது நியாயமன்று. 1882இல் நாடு திரும்பிய அவர், பின்னர்க் கேம்பிரிட்ஜில் பேராசிரியராகி, 1906இல் மறைந்தார். காப்பி மடிந்த சரிவுகளில் தமிழ்த் தொழிலாளர்கள் தேயிலை நட்டனர். இலங்கையில் அத்தொழிலில் தேர்ந்த மில்ன் என்பவரே 1929இல் ரசலுடன் இணைந்து கேமரன் மலையில் போ தோட்டத்தை அமைத்தார்.