கூலி பெறாத கொடிகள்

கலிபோர்னியாவின் சொனோமாப் பள்ளத்தாக்கில் வைன் தொழிலைப் பற்றிப் பேசுவோர் அகொஸ்டன் ஹராஸ்தியின் பெயரை மறப்பதில்லை. 1812இல் ஹங்கேரியின் பெஸ்ட் நகரிற் பிறந்த அவர், 1840இல் அமெரிக்காவிற் கால்வைத்தார். விஸ்கொன்சினில் அவர் நட்ட திராட்சையைக் குளிர் கொன்றது. 1849இல் குடும்பத்தோடு மேற்கே சென்றவர், மறு ஆண்டே சன்டியாகோ மாவட்டத்தின் முதலாவது ஷெரீப் ஆனார். அந்நிய மண்ணிற் பத்தே ஆண்டுகளில் இத்தகைய பதவி! நாம் வியவாதிருக்க முடியுமா?

1857இல் சொனோமாவில் புவெனா விஸ்டா தோட்டத்தை நிறுவினார். அக்காலத்தில் அங்கு பெரிதும் பயிரானது ஸ்பானியப் பாதிரிமார் கொணர்ந்த மிஷன் திராட்சை. அதன் வைன் சுவை குன்றியது. எனவே 1861இல் மாநிலத்தின் ஆணையாளராக ஐரோப்பா சென்று, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகளிலிருந்து ஏறத்தாழ ஓர் இலட்சம் கொடித்துண்டுகளைத் தமது செலவிலே கொணர்ந்தார். சட்டசபை ஒரு சதமும் கொடுக்கவில்லை. ஆணையாளருக்கு ஊதியமில்லை என்று தீர்மானத்திலேயே எழுதியிருந்தது உண்மைதான். ஆயினும் கொடிகளின் விலையையாவது கொடுத்திருக்கலாம் என்பதே நமது எண்ணம்.

விந்தை என்னவெனில், கலிபோர்னியாவின் பேர்பெற்ற ஜின்ஃபண்டல் கொடியைக் கொணர்ந்தவர் அவரே என்று அவருடைய மகன் ஆர்பாட் பிற்காலத்தில் எழுதிவைத்தார், ஊரும் நம்பியது. அக்கொடியோ 1830களிலேயே அமெரிக்காவின் கிழக்குக் கரை நாற்றுப்பண்ணைகளில் இருந்தது. அது குரொவேசியக் கொடியே என்பதை 2001இல் மரபணு ஆய்வு உறுதிசெய்தது.

புவெனா விஸ்டாவை இழந்த ஹராஸ்தி, 1868இல் நிக்கராகுவா சென்று கரும்புத் தோட்டம் தொடங்கினார். 1869 ஜூலையில் அங்கு ஓர் ஆற்றருகே காணாமற்போனார். முதலைக்கு இரையானார் என்றே கருதினர். உடல் கிடைக்கவில்லை.